துடக்குக் கழியட்டும்

தெல்லிப்பழையில் உதயகலா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். சோதினைக் கலா வீடு என்று கேட்டால் நண்டு சிண்டுகூடக் கைகாட்டும். பத்தொன்பது வயதில் பட்டயக் கணக்காளர் சோதினை எழுதத் தொடங்கியவள், கடைசித் தாளைப் பாஸ் பண்ணும்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பதினேழு வருடம் ஒருத்தி சோதினை எழுதிக்கொண்டிருந்தால் ஊர் பட்டம் வைக்காமல் விடுமா?

பட்டம் வைத்தவர்கள் நடுவில் நடந்ததை மறந்துவிட்டார்கள். அவள் இரண்டாம் கட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டு கொழும்புப் பாதையைப் பூட்டினார்கள். மூன்று வருடம் அவள் அனுமதி அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். பாதை திறந்து போனால் மேல் வகுப்புத் தாள்கள் எல்லாம் இங்கிலிசில். சட்டத் தாள் ஒன்று நாலு தரம் விழுத்தியது. பகலில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவதும், வந்து புத்தகத்தை விரிப்பதுமாக வருடங்கள் போயின. கனடா மாப்பிள்ளை ஒன்று, பரந்தன் வாத்தியார் ஒன்று, இரண்டு சம்பந்தத்துக்கும் அவள் சொன்ன பதில் 'சோதினை முடியட்டும்.' சோதினை முடிந்தபோது கேட்க ஆள் இருக்கவில்லை.

அதற்காக அவள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் ஆசை வேறு. தன் பெயரில் ஒரு பலகை, ஒரு கணக்கறிக்கையின் அடியில் தன் கையெழுத்து. இருபது வருடம் மற்றவர்கள் கையெழுத்து வைப்பதற்கு வடிவாகக் கோடு போட்டுக் கொடுத்த கை அது. அந்தக் கோட்டின்மேல் ஒருநாள் தன் பெயர் வரவேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன பிழை?

சோதினை பாஸ் பண்ணினால் மட்டும் பலகை வராது. ஏற்கெனவே அங்கத்தவராக இருக்கும் ஒருவருக்குக் கீழே மூன்று வருடம் பயிற்சி செய்யவேண்டும். செய்த வேலையை எல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அந்தப் புத்தகம் கொழும்புக்குப் போய்த்தான் பெயருக்குப் பின்னால் எழுத்து வரும். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கையெழுத்து வைக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் அருட்செல்வன் சேர். வீடு சுண்டிக்குளியில், கந்தோர் டவுனில். தனி ஆள், பங்காளி கிடையாது. சங்க வேலையை விட்டு உதயகலா அவரிடம் சேர்ந்தாள்.

நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், ஒரு சதக் கணக்கிலும் பொய் எழுத விடாதவர். ஒரு குறைதான், கையெழுத்து வைக்கச் சோம்பல், பஞ்சி. முதல் ஆறு மாதத்துக்கு வைத்தார். அடுத்த தரம் உதயகலா புத்தகத்தோடு போய் நின்றபோது, "கடைசியிலை எல்லாத்தையும் ஒண்டாப் பாத்து வைச்சுத் தாறன் பிள்ளை, ஓடிட் முடியட்டும்" என்றார். கணக்காய்வு எப்போது முடிந்தது! பெரிய மனிதரிடம் போய்ப் போய்க் கேட்க அவளுக்கும் கூச்சம். இரண்டரை வருடத்துப் பக்கங்கள் நிறைய எழுத்தோடும், அடியில் வெறும் கோட்டோடும் கிடந்தன.

மூன்று வருடம் முடிகிற மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. அருட்செல்வன் சேருக்கு நெஞ்சு நோவு வந்து, கொழும்பில் ஒப்பரேசன் செய்து, வீட்டோடு இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து சேர்ந்த மறுநாள் விடிய, உதயகலாவின் தாய் நல்லம்மா அடுப்படியில் விழுந்தவர்தான், எழும்பவில்லை.

செத்தவீட்டுத் துடக்கு, சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் இல்லை, நல்ல காரியத்துக்குப் போக்குவரத்து இல்லை. முக்கியமாக நோயில் கிடக்கிற வருத்தக்காரர் இருக்கிற வீட்டுப் படி மிதிக்கக்கூடாது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிய உதயகலா கந்தோருக்குப் போனாள். உத்தியோகத்துக்குத் துடக்கு பார்க்க இந்தக் காலத்தில் யாருக்கு வசதி? ஆனால் சுண்டிக்குளிக்குப் போகவில்லை.

இருபதாம் நாள் அவரே ஃபோன் எடுத்தார்.

"உன்ரை புத்தகத்தைக் கொண்டு வா பிள்ளை. சும்மாதான் கிடக்கிறன். ரண்டு நாளிலை முழுக்கப் பாத்து வைச்சு விடுறன்."

"துடக்கு சேர். இன்னும் பதினொரு நாள்தானே, கழிய வாறன்."

"எங்களுக்கு உது ஒண்டும் இல்லையே."

"தெரியும் சேர். எண்டாலும் மனம் கேக்குதில்லை. நீங்களும் இப்பதான் ஒப்பரேசன் முடிஞ்சு வந்திருக்கிறியள்."

அவர் சிரித்தார். "சரி, உன்ரை விருப்பம். கழியட்டும்."

வீட்டுக்கு வந்து, புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சேர் வரச்சொன்னார் என்று மட்டும் தகப்பனிடம் சொன்னாள். தியாகராசாவுக்கு எழுபத்தெட்டு வயது, வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு நிமிர்ந்த மனிதர். சேர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் துடக்குப் பார்க்கமாட்டார்கள், ஒரு நடை போய்விட்டு வரட்டோ என்று அவள் கேட்டது, அவர் ஓமென்று சொல்வார் என்ற ஒரு சின்ன ஆசையில்.

"அவை பாக்காட்டி என்ன, நாங்கள் பாக்கவேணும்" என்றார் தியாகராசா. "நெஞ்சு வெட்டித் தைச்ச மனிசன். அந்த வாசல்லை நீ செத்தவீட்டுக் காலோடை போய் நிண்டு, நாளைக்கு ஏதும் ஒண்டு நடந்தால்? ஆயுசுக்கும் அது உன்ரை மனத்தைத் தின்னும். கழியப் போ."

கந்தோரில் கூட வேலை செய்கிற கீர்த்திகன், "தாங்கோ அக்கா, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றான். துடக்கு வீட்டுச் சாமானும் துடக்குத்தான் என்று சொல்லி அதையும் கொடுக்கவில்லை. அவளும் முழுக்க நம்பித்தான் செய்தாளா என்றால், இல்லை. ஆனால் தாய் செத்து மூன்று கிழமை ஆகாத வீட்டில், தகப்பன் சொல்லைத் தட்டிவிட்டு எந்த மகள் பஸ் ஏறுவாள்? பதினேழு வருடம் பொறுத்தவளுக்குப் பதினொரு நாள் ஒரு நாளா?

இருபத்தேழாம் நாள் காலை அருட்செல்வன் சேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அன்றைக்கு உதயகலா சுண்டிக்குளிக்குப் போனாள். செத்தவீட்டுக்குப் போகச் செத்தவீட்டுத் துடக்கு தடையில்லை. வாசல் படியை அவள் மிதித்தாள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சேரின் மனைவி சிசிலியா பெட்டியடியில் இருந்தார். உதயகலாவைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"நேற்றும் கேட்டவர் பிள்ளை, இண்டைக்குக் கலாவுக்கு எத்தினையாம் நாள் எண்டு. கலண்டரிலை புள்ளடி போட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். நான் சொன்னனான், எங்கடை வீட்டிலை துடக்கு இல்லை, பிள்ளையை வரச்சொல்லுங்கோ எண்டு. அவர்தான், 'வேண்டாம், அதின்ரை மனத்துக்குச் சங்கடம், இன்னும் அஞ்சு நாள்தானே' எண்டவர்."

உதயகலா அழுதாள். ஆளுக்காகவும் அழுதாள், புத்தகத்துக்காகவும் அழுதாள். புத்தகத்துக்காக அழுகிறோமே என்ற வெட்கத்திலும் அழுதாள். சுற்றியிருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். நல்ல விசுவாசமான பிள்ளை என்று யாரோ சொன்னார்கள்.

கொழும்புக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. இறந்தவர் சரிபார்த்துக் கையெழுத்திடாத பயிற்சியை வேறு யாரும் உறுதிப்படுத்த முடியாது. அனுதாப அடிப்படையில் ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்கிறோம். எஞ்சிய இரண்டு வருடத்தை வேறொரு அங்கத்தவரின் கீழ் மீண்டும் செய்யலாம். கையெழுத்து வைக்கக்கூடிய மற்றவர்களிடம் ஏறி இறங்கினாள். ஒருவரிடம் இடமில்லை. இன்னொருவர் இளம் ஆட்களைத்தான் எடுப்பாராம். மூன்றாமவர், வருகிற சித்திரை கழிய வந்து பாருங்கோ என்றார். அவளுக்கு அப்போது நாற்பது தொடங்கிவிட்டது.

ஆத்திரப்படவேண்டிய இடம்தான் இது. யாரில் ஆத்திரப்படுவது? பஞ்சிப்பட்ட சேரிலா, அவர் போய்விட்டார். சட்டத்திலா, அதில் பிழையில்லை. கூச்சப்பட்ட தன்னிலா, பட்டுக்கொண்டுதான் இருந்தாள், இரவும் பகலும். கழியப் போ என்ற மனிதரில் மட்டும் அவளால் ஆத்திரப்பட முடியவில்லை.

கொழும்பிலிருந்து அந்தப் பதில் வந்த அன்று பின்னேரம் அவள் கிணற்றடியில் இருந்து அழுததைத் தியாகராசா கண்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை அழுறாய்? இன்னும் எத்தினை சோதினை கிடக்கு?"

"சோதினை ஒண்டும் இல்லை அப்பா. எல்லாம் பாஸ்."

"பின்னை?"

அவள் அவரைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவளைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு, இப்போதும் சாப்பாட்டு நேரத்துக்கு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கிற மனிதர். தன் வாயில் வந்த ஒரு சொல்லால்தான் மகளின் பலகை போனது என்று தெரிந்தால் அந்த நெஞ்சு அதைத் தாங்காது. இது அவளுக்குக் கணக்கைப்போல் தெளிவாகத் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு இலக்கத்தையும் மாற்றி எழுதாதவள் அன்றைக்கு வாய்கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"சேர் வருத்தத்துக்கு முந்தியே எல்லாத்துக்கும் கையெழுத்து வைச்சுத் தந்தவர் அப்பா. புத்தகத்தைத்தான் காணேல்லை. நான்தான் எங்கையோ துலைச்சுப்போட்டன்."

தியாகராசாவின் முகம் தெளிந்தது.

"அடி விசரி, உதுக்கே அழுறாய்? துலைஞ்ச சாமான் எங்கை போகும்? வீட்டுக்கைதான் கிடக்கும்."

அடுத்த நாள் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. நெல்லுப் பெட்டியை நகர்த்திப் பார்த்தார். மேசை லாச்சிகளை இழுத்துக் கொட்டினார். உதயகலா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்போது, தாய் செத்த நாளில் இருந்து ஒருவரும் திறக்காத அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ்த் தட்டுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார். புத்தகம் கந்தோர் லாச்சிக்குள் பூட்டியிருந்தது.

"அம்மா உன்ரை கடதாசியளை சீலைக்கை வைக்கிறவ. இதுக்கைதான் எங்கையும் கிடக்கும்" என்றார். "நீயும் வந்து பார் பிள்ளை. எனக்கு வடிவாக் கண் தெரியுதில்லை."

உதயகலா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, தாயின் சீலைகளை ஒவ்வொன்றாக விரித்து உதறி, அவளும் தேடினாள்.