மரைக்குப் போட்ட மரக்கறிப் பாத்தி

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் மரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். மூட்டு வலிக்காரன், சர்க்கரைக்காரன், கொட்டகலை பஸ்ஸில் ஏறுவதற்கே ஒரு நிமிஷம் மூச்சு வாங்குகிறவன்... அப்படிப்பட்ட என்னை ஏணி வைத்து, பின்னால் கை கொடுத்துத் தள்ளி, இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே அடித்த பலகையில் உட்கார வைத்துவிட்டார் என் மச்சான் தியாகு.

தியாகு என் தங்கை புஷ்பாவின் வீட்டுக்காரர். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடித்தனம். புஷ்பா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். தியாகுவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபாக்டரியைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். நல்ல மனிதர். குடி கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம்... யூடியூப்.

லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸ் போட்டிருக்கிறார். பார்த்துப் பார்த்து வளர்ப்பார். லீக்ஸ் ஒரு சாண் வளர்ந்ததோ இல்லையோ, காட்டிலிருந்து மரை இறங்கி வந்துவிடும். மான் ஜாதிதான், ஆனால் ஏறக்குறைய மாடு அளவுக்கு இருக்கும். கடித்தது பாதி, மிதித்தது பாதி என்று பாத்தியை நாசம் பண்ணிவிட்டுப் போகும். வேலி போட்டார், தாண்டியது. புஷ்பாவின் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினார். அதையும் தின்றுவிட்டது என்கிறாள் அவள். அவள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தியாகுவின் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார்.

அந்த மனுஷன் காட்டோரத்தில் மானுக்கென்றே ஒரு குட்டிப் பாத்தி போடுகிறார். முள்ளங்கி, புல், என்னென்னமோ விதைக்கிறார். பக்கத்து மரத்தில் பரண் கட்டி, அதில் நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார். மானும் வருகிறது — சொல்லி வைத்த மாதிரி. அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

"அந்த ஆளுக்கு லைசன்ஸ் இருக்கும் மச்சான். நமக்கு என்னா இருக்கு? இங்க மரைய தொட்டா உள்ள வச்சிருவாங்க" என்றேன் பரணில் இருந்தபடி, ஒரு கையால் பலகையையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு.

"சும்மா பாக்கத்தான மச்சான். அதுக்குன்னு இங்கன ஒரு பாத்தி இருந்தா, கீழ லீக்ஸ் பக்கம் வராதில்ல? ஒரு போட்டோ எடுத்துட்டு எறங்கிருவோம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கீழே பார்த்தேன். மேமலையில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடம். முள்ளங்கியும் பீட்ரூட்டும் கீரையும் கலந்து கட்டி, வரிசை கிரிசை ஒன்றும் இல்லாமல் தூவிவிட்டிருந்தார். மழைக்குக் கொழுகொழு என்று வளர்ந்திருந்தது. வேலி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வேலி போட்டா மரை எப்படி மச்சான் வரும்?"

நியாயம்தானே?

மரை வரவில்லை. பனி வந்தது. பிறகு மழை வந்தது. மழையோடு அட்டை வந்தது. மரத்து மேல் அட்டை எப்படி வருமென்று கேட்காதீர்கள், என் காலோடு ஏறி வந்திருக்கும். போதுமடா சாமி என்று இறங்கினோம். "நீங்க முன்னால போங்க மச்சான், எனக்கு ஒரு சின்ன வேல இருக்கு" என்று தியாகு பின்தங்கினார். மனிதனுக்கு ஆயிரம் அவசரம் இருக்கும்... நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்திருக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அடுப்பங்கரையில் ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருந்தது. புஷ்பாவைக் காணோம்.

"கோயிலுக்குப் போயிருப்பா" என்றார் தியாகு, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

சாப்பிட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றோம். பஜாருக்குப் போய் மீன் வாங்குவதாகத் திட்டம். அப்போதுதான் கொழுந்து லொறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை லொறியா? அதுவும் கீழே போகாமல் மேல் ரோட்டுக்குத் திரும்பியது. தியாகு கை காட்டி நிறுத்தினார்.

"எங்க அண்ணே, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா?"

"மேமலைக்கு. மழைக்கு கொழுந்து தள்ளிக்கிட்டு நிக்கிதாம். இன்னிக்கு கைக்காசு போட்டிருக்காங்க. நேத்து நிறுவையிலயே சொல்லிட்டாங்களே, தெரியாதா?" என்றார் டிரைவர்.

கைக்காசு என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். லீவு நாளில் எடுக்கிற கொழுந்துக்கு, வழக்கமான சம்பளக் கணக்கில் சேராமல் தனியாகக் கையில் காசு. இஷ்டப்பட்டவர்கள் போவார்கள். முந்தின நாள் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி சொல்லியிருக்கிறார். மலையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஸ்டோரில் வேலை செய்கிறவருக்கு யார் சொல்வார்கள்? அதிலும் அந்த நேரத்தில் அவர் மரத்தில் அல்லவா இருந்தார். ராத்திரி நனைந்து வந்து நாங்கள் சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டதால் புஷ்பாவும் சொல்லவில்லை.

தியாகுவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

"என்னா மச்சான்?"

"கம்பி வச்சிருக்கேன்" என்றார். "நேத்து... பாத்திக்குள்ள. சுருக்குக் கம்பி. அந்த மலையில போன வாரக் கடைசியிலதான் கொழுந்து எடுத்தாங்க. அடுத்த வாரம் வரைக்கும் ஆளு வராதுன்னு நெனச்சேன் மச்சான். புஷ்பா கோயிலுக்குப் போகல."

பைக் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு, இளங்கிளையை வளைத்துக் கட்டி வைப்பது. கால் பட்டதும் கிளை விசுக்கென்று நிமிரும். கம்பி இறுகும். மரை இழுக்க இழுக்க எலும்பு வரைக்கும் போகும். பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொண்டு துடிக்கிற படங்களைப் பேப்பரில் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். அந்தக் கம்பி மனுஷன் கால் என்று பார்க்குமா? என் தங்கச்சி கால் என்று பார்க்குமா?

லொறியில் தொற்றி ஏறினோம். ஃபோன் பண்ணினேன். மணி அடித்தது... லயத்தில், சார்ஜில், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஜன்னலோரத்தில் அடித்திருக்கும். மழை நாளில் அவள் ஃபோனை மலைக்கு எடுத்துப் போக மாட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து தியாகுவை நான் வாங்க, போங்க என்றுதான் பேசுவது. தங்கையின் வீட்டுக்காரர் அல்லவா? அன்றைக்கு லொறியில், சாக்குகளுக்கு நடுவே, என் வாயிலிருந்து வந்தது "டேய்" தான். அதற்குப் பிறகு வந்ததை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். அவர் லொறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேல் ரோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லொறி ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தது. இறங்கித் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம்.

ரோடு முடிந்த இடத்தில் குதித்து, படிக்கட்டில் ஓடினோம். ஆமாம், நானும்தான். மூட்டு வலி எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. தேயிலைக்குள் பெண்கள் யாரையும் காணோம். மேலே காட்டோரத்தில், அந்தப் பாத்தி இருக்கிற பக்கம், ஒரே கூட்டம். சத்தம். யாரோ உரக்கக் கத்துகிற சத்தம்.

படியை விட்டுத் தேயிலைக்குள் புகுந்து ஏறினோம்.

கிட்டே போனால்... கத்திக்கொண்டிருந்தது புஷ்பா. இடுப்பில் கை. இரண்டு காலிலும் நின்றுகொண்டு.

"எவனோ கட்டையில போறவன் கம்பி வச்சிருக்கான் அண்ணே!" என்றாள் என்னைப் பார்த்ததும். நான் எப்படி அங்கே வந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை, அவ்வளவு கோபம். "அவன் கை அழுகிப் போக. அவன் வீட்டு அடுப்பு எரியாமப் போக."

அவளுக்குப் பின்னால் ஒரு கிளையிலிருந்து அவளுடைய மட்டக்கம்பு தொங்கிக்கொண்டிருந்தது, கழுத்தில் கம்பி இறுகி.

மட்டக்கம்பு தெரியும்தானே? தேயிலைச் செடி மேல் கிடத்தி, மட்டம் பார்த்துக் கொழுந்து கிள்ளுவதற்கு வைத்திருக்கிற நீளக் குச்சி. அதோடு இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. குளவிக் கூடு இருக்கிறதா, பாம்பு கிடக்கிறதா என்று புதருக்குள் முதலில் அதை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பெண்ணும் காலை வைப்பாள். பழகிப்போன கை, யோசித்துச் செய்வதில்லை. அந்தப் பழக்கம்தான் என் தங்கையின் காலைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, கொழுந்து எடுக்க வந்தவர்களுக்குப் பாத்தியில் என்ன வேலை? மலை ஓரத்தில் கீரையைக் கண்டால் போகிற போக்கில் ஆய்ந்து மடியில் போட்டுக்கொள்வது அங்கே காலங்காலமான பழக்கம். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. வேலி இருந்தால் ஒருத்தி தொட மாட்டாள். வேலி இல்லையென்றால் எல்லாருக்கும் என்று அர்த்தம். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த தியாகுவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வீடியோவில் மான் இருந்தது, மரம் இருந்தது, காபி இருந்தது... மடி நிறையக் கீரை ஆய்கிற பெண்கள் ஒருத்தரும் இல்லை.

நான் பெருமூச்சு விட்டேன். முடிந்தது, தப்பித்தோம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று தியாகுவின் கையைப் பிடித்தேன். ராமையா கங்காணி வேறு அங்கே நின்றார். "இத ஆபீஸுல கொண்டு போயி குடுக்கணும். மேல பாருங்க, பரண் வேற கட்டியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தால் தியாகுவுக்கு வேலையும் போகலாம், போலீஸும் வரலாம்.

பெண்கள் சமாதானமாகி, மறுபடி கீரைக்குக் குனிந்தார்கள். இரண்டு பேர் பீட்ரூட் இருந்த பக்கம் நகர்ந்தார்கள்.

தியாகு என் கையை உதறினார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். "இன்னொன்னு இருக்கு."

எல்லாரும் நின்றார்கள். அங்கே இன்னொன்று இருப்பது வைத்தவனைத் தவிர யாருக்குத் தெரியும்?

புஷ்பா அவரைப் பார்த்தாள்.

"எங்கன?" என்றாள்.

"அந்த மரத்துக்கு அடியில."

"போயி எடுங்க."

போய் எடுத்தார். கம்பியைக் கொண்டுவந்து கங்காணியிடம் கொடுத்தார். பிறகு அந்த மனுஷன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை பெண்களுக்கும் முன்னால், புஷ்பாவின் முன் ஈரத்தில் குந்தி, அவளுடைய இரண்டு கணுக்காலையும் கையால் தொட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை.

"ஏ புஷ்பா, ஒன் வீட்டுக்காரரு கால்ல விழுறாருடி. ஆசீர்வாதம் பண்ணு" என்றாள் ஒருத்தி. மலையே சிரித்தது.

"எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் புஷ்பா. திட்டத்தான் வாயெடுத்தாள், குரல் உடைந்துவிட்டது. நானும் மூக்கைச் சிந்த ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். பனி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

கங்காணிதான் தீர்ப்புச் சொன்னார். "அம்புட்டு பொம்பளைங்களுக்கு முன்னால ஒத்துக்கிட்டதால விடுறேன் தியாகு. இன்னிக்கே அந்தப் பரணைப் பிரிக்கணும். இன்னொரு கம்பி இந்த மலையில கண்டேன், நானே போலீஸுக்குப் போவேன்." 

"நீங்க போக வேணாம். நான் போவேன்" என்றாள் புஷ்பா.

பரண் எவ்வளவு நேரம் தாங்கியது என்று நினைக்கிறீர்கள்? நிறுவை முடிந்ததும் பெண்கள் சுற்றி நின்று, தியாகு ஏறித் தட்டத் தட்ட, விழுந்த பலகையையெல்லாம் விறகுக் கட்டாகக் கட்டிவிட்டார்கள். கீரை எப்போதோ மடிக்குப் போயிருந்தது. மரைக்காக அந்த மனுஷன் பாடுபட்டதெல்லாம் பத்துப் பன்னிரண்டு அடுப்பங்கரைக்குப் பிரிந்து போனது. யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாரும் இறங்கினோம். புஷ்பா முன்னால் நடந்தாள். தலையில் விறகு, மடியில் கீரை, காலில் ரப்பர் செருப்பு. வழுக்குகிற படியில் ஒவ்வொரு காலாக வைத்து, நிற்காமல் பேசிக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்குப் போனதும் தியாகுவுக்கு என்னென்ன கிடைக்கும் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பனி விலகி, எதிர் மலையெல்லாம் வெயிலில் பளபளத்திருக்க வேண்டும்... நானும் தியாகுவும் அந்த இரண்டு கால்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம்.