கத்தியக்காவின் நெஞ்சில் மூன்று புள்ளிகள்

கடைத்தெருவில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டுக்கறிக் கடையில் வெட்டுவது அவள், நிறுத்துக் கொடுப்பது கணவர். தொங்கும் ஆட்டைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே துண்டு போட்டுவிடுவாள். கையிலிருக்கும் கத்தியைவிட வாயிலிருப்பதுதான் கூர்மை என்று கணவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ரத்தம், குடல், கொழுப்பு எதைக் கண்டும் அவள் முகம் சுளித்ததில்லை.

முப்பத்தாறு வயதில் இடது முழங்காலுக்கு மேலே வலி வந்தது. நாளெல்லாம் நிற்பதால் வந்த வலி என்று தைலம் தேய்த்தே காலம் கடத்தினாள். வீக்கம் கல் மாதிரி இறுகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பில் புற்றுநோய் என்றார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். காலில் வந்தது காலோடு போகட்டும், வெட்டிவிடுங்கள் என்றாள். தேம்பித் தேம்பி அழுதது கணவர்தான். அடுத்து நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலுமாக மூன்று புள்ளிகள் தெரிந்தன.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, மிளகைவிடச் சின்னது. எப்பவோ வந்துபோன கிருமி விட்டுட்டுப் போன தழும்பா இருக்கலாம். கால்லேருந்து போன நோயாவும் இருக்கலாம். இவ்வளவு சின்னதா இருக்கும்போது யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்போ நான் பிழைப்பேனா, மாட்டேனா?"

"இந்தப் புள்ளிகளை மட்டும் வெச்சு ஆயுசைக் கணக்குப் போட முடியாதும்மா. இதே மாதிரி இருந்து, கடைசியில ஒண்ணுமில்லைன்னு ஆனவங்க நிறைய பேர். சிலருக்கு வளர்ந்தும் இருக்கு. வளருதா, புதுசா வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

முதலில் மருந்து ஏற்றுவது, பிறகு காலைக் காப்பாற்றப் பார்ப்பது, நடுநடுவே ஸ்கேன் என்று முடிவானது.

சில ஆடுகளின் நுரையீரலைத் தடவினால் விரலுக்கு அடியில் மணல்போல நெருடும். அதை விற்க மனம் வராமல் கழிவு வாளியில் வீசிவிடுவாள். இப்போது அந்த நெருடல் தன் நெஞ்சுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது. ஆழமாக மூச்சு இழுத்தாலே குமட்டியது. மருந்து ஏற ஆரம்பித்ததும் குமட்டல் பல மடங்கானது. கணவர் எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் வீசிய கறி வாடை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. இத்தனை வருஷம் தன் மேலும் இதே வாடைதானே வீசியிருக்கும் என்று நினைத்து இன்னொரு முறை வாந்தி எடுத்தாள்.

அதைவிட மோசம், பார்க்க வந்தவர்கள். டாக்டரம்மா சொன்ன இரண்டில் ஒன்று வழியிலேயே உதிர்ந்துபோய், நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்ற மற்றது மட்டும் தெருவைச் சுற்றி வந்திருந்தது. எதிர்க்கடைப் பாத்திரக்காரி, தன் சித்தப்பா ரத்தம் கக்கிச் செத்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு மினுமினுப்பு. மேல்வீட்டு அம்மாள் கத்தியக்காவின் சின்ன மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, உனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று அழுதாள். பெற்றவள் அங்கேயேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தொட்ட கையைத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கணவரின் அக்கா ஒரு நாள் பழக்கூடையோடு வந்தார். நெற்றியைத் தடவினார், நல்லபடியாகத் தேறிவிடுவாய் என்றார். பிறகு தம்பியைத் தேடிச் சமையலறைக்குப் போனார். இடையில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான்.

"உனக்கு ஒண்ணும் வயசாயிடலைடா. பொண்ணு வளர்ற பிள்ளை. வீட்டுக்குன்னு ஒருத்தி வேணாமா? எனக்குத் தெரிஞ்ச இடத்துல ஒரு பொண்ணு இருக்கு. சும்மா காதுல போட்டு வைக்கறேன்."

கணவர் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா" என்றார்.

கத்தியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து சமையலறை வாசற்படிவரை வந்து நின்றாள்.

"இப்ப எதுக்குன்னா, எப்ப?"

கணவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று என்னவோ முனகினார். நாத்தனார் முந்திக்கொண்டு, குழந்தையை நினைத்துத்தான் பேசினேன் என்றார்.

"அண்ணி, வளருமா வளராதான்னு டாக்டருக்கே தெரியலை. நீங்க தேதி குறிச்சுட்டு வந்திருக்கீங்க. பழத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

நாத்தனார் போய்விட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனிதர் அங்கேயே நின்று அழுதார். அந்தக் கண்ணீரைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தினமும் அவள் வாந்தியை அள்ளிக் கொட்டியது அவர்தான், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 'இப்ப' அவளுக்குச் செரிக்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் புள்ளிகள் அப்படியே இருந்தன. காலில் கெட்ட எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்று மட்டும் லேசாகப் பெருத்திருந்தது. விலாவில் சின்னத் துளை போட்டு அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் தழும்பு, நோய் இல்லை என்று வந்தது. மற்ற இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பலாம், ஆனாலும் பல வருஷம் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

சேதி கேட்டு அதே கூட்டம் மறுபடி வந்தது. எங்களுக்கு அப்போதே தெரியும், உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செத்தவளுக்கு அழுவதுபோல முன்பு அழுததைவிட இது அசிங்கமாகப் பட்டது அவளுக்கு. கால் வலிக்கிறது, படுக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டாள்.

இப்போது உயரமான முக்காலியில் உட்கார்ந்து கறி வெட்டுகிறாள். வாடை பழகிவிட்டது. கணவரோடு எலும்பு, கொழுப்பு, விலை என்று பேச்சு ஓடுகிறது. அவர் தோளைத் தொட்டால் சில நாள் நகர்ந்துகொள்கிறாள், சில நாள் பேசாமல் இருந்துவிடுகிறாள். ஏன் என்று அவர் கேட்பதில்லை.