ஒரே அளவுப் பெட்டிகள்

எழுபதுகளின் நடுவில், இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் மெஷின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகக் கடதாசி கிடைத்தவர்கள், குடியிருந்த வரிசை வீடுகளை விட்டு லயம் லயமாகக் கிளம்பிய காலம் அது. சாமான் கொண்டுபோக எல்லோருக்கும் மரப்பெட்டி வேண்டியிருந்தது. தோட்டத்து ஆசாரியோ முதலில் போனவர்களோடு தன் வாள்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டறையில் மிஞ்சியிருந்தது, இரும்புக் கம்பி அறுக்கும் மெஷின் வாள் ஒன்றுதான்.

"அதுலயே பலகையையும் அறுத்துக் குடுத்துருப்பா," என்றார் தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர்.

இரும்பு வாளுக்குப் பல் பொடிப்பொடியாக இருக்கும். ஈரம் காயாத பலகையில் அது நாலு இழுப்பு இழுப்பதற்குள் பல்லிடுக்கெல்லாம் மரத்தூள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அறுக்காது, தேய்க்கும். பலகை கருகிப் புகையும். நிறுத்தி, கம்பி பிரஷ்ஷால் தூளைச் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பலகையையும் அளக்க முடியாதென்று, பலகை போய் முட்டுகிற இடத்தில் ஓர் இரும்புக் கட்டையை இறுக்கி வைத்தேன். முட்டும்வரை தள்ளுவது, அறுப்பது, எடுப்பது. மாதக்கணக்கில் அதே வேலை. தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது.

ஒரு மத்தியானம், கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா வந்து நின்றார். புருஷனை இழந்தவர். மகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, தாய்க்கு இந்தியா.

"தம்பி, நான் ஒத்தையாத்தான் போறேன். எனக்குச் சின்னப் பெட்டி போதுங்க."

கட்டையைக் கழற்றி வேறு அளவுக்கு மாற்ற எனக்கு உடம்பில் தெம்பில்லை.

"எல்லாருக்கும் ஒரே அளவுதாங்க அக்கா."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

புறப்படும் நாளில் லொறியில் பெட்டிகளை ஏற்ற நானும் கைகொடுத்தேன். மற்றவற்றுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவருடையதை நான் ஒருவனே தூக்கிவிட்டேன். உள்ளே ஒரு செம்பு அங்குமிங்கும் உருண்டு இடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மகள் வாய்விட்டு அழுதாள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

மறுநாளிலிருந்து, வருகிறவர்களிடம் எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டுவிட்டே அறுத்தேன். வேலை இன்னும் மெதுவானது.

சில மாதம் கழித்து அந்த மகள், தாயிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். வேலை கிடைக்கவில்லை, வெயில் தாங்கமுடியவில்லை, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று யாரையோ கொண்டு எழுதியிருந்தார். வாசித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு குடும்பங்கள் பலகையோடு காத்திருந்தன.