காலில் நம்பர் போட்ட கடற்காகம்

ஈரக் கம்பளியும் மீன் வாடையும்... நீலகிரி எமரால்டில் அந்தப் புயல் வாரத்தை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள். என் கணவர் எஸ்டேட் டீ ஃபேக்டரியில் டீமேக்கர். கடற்பறவைகள் எங்கெல்லாம் போகின்றன என்று அறிய, ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றின் காலில் நம்பர் வளையம் மாட்டுவார்கள். கண்ணில் பட்டால் நம்பரை எழுதி அனுப்ப ஆங்காங்கே தொண்டர்கள். எமரால்டில் நான். கான்வென்ட் படிப்பு... ஓர் எழுத்து பிசகாது என்ற பெருமை எனக்கு.

புயலில் வழி தவறிய கடற்காகம் ஒன்று டேம் கரையில் ஒடுங்கிக் கிடந்தது. பைனாகுலரில் வளையம் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. கிட்டே போவதற்குள் பனி மூடியது. விலகியபோது பறவை இல்லை!

யாரோ பிடித்துப் போயிருக்க வேண்டும் என்று நேரே தொழிலாளர் லயத்துக்குப் போனேன். சிலோனிலிருந்து புதிதாக வந்து கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் வாசலில் மீன் வாடை. சமைத்துவிட்டாள் என்றே முடிவு கட்டினேன்.

"பறவையைப் பார்த்தியா?"

"இல்லீங்கம்மா."

"அப்போ இது என்ன வாடை?"

"கருவாடுங்க."

கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடைக்குள் ஏதோ கரகரவென்று கத்தியது.

"உன் கருவாடு கத்துமா?"

கூடையைத் தூக்கினேன். பறவை உயிரோடுதான் இருந்தது. முன்னால் மீன் துண்டுகள். வளையத்தின் மேல் சேலைக் கிழிசலை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"நம்பரப் பாத்தா திருப்பி அனுப்பிருவீங்க தானே? எங்களயும் நம்பர் குடுத்துதான் கப்பல் ஏத்துனாங்க."

"சேச்சே... எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக் காட்டினேன், எழுதிக்கொள்ள மட்டும்தான் என்று.

கடைசியில் இறங்கி வந்தாள். பறவையை அவளேதான் பிடித்துக்கொள்வாள், நான் கை வைக்கக் கூடாது. டேம் கரைக்குப் போய்த் துணியை அவிழ்த்தாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். கடைசி எண்ணுக்கு வருவதற்குள் கையைத் திறந்துவிட்டாள்.

"வழுக்கிருச்சுங்கம்மா."

வழுக்கியதா? இன்றுவரை நான் நம்பவில்லை. ஓர் எண் குறைவாகத்தான் எழுதி அனுப்பினேன். என் கணவர் இருந்தவரை அதைச் சொல்லியே என்னைச் சீண்டுவார்.

இப்போது பறவை முதுகிலேயே கருவி வைத்து, வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கிறார்களாம். பைனாகுலரும் வேண்டாம், நானும் வேண்டாம். என் கைபேசியும் தினமும் கேட்கிறது, நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று.

தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

'வேண்டாம்' என்றுதான் அழுத்துகிறேன்.