பறந்துபோன ஊசி ஓட்டை

பனியன் துணியில் ஓட்டை தேடிப் பிழைக்கும் செக்கிங்காரர்களே, நமக்கெல்லாம் நட்சத்திரம்கூட ஊசி ஓட்டையாகத்தான் தெரியும்.

அம்பு இருக்கிறது

முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனி. செக்கிங் டேபிளில் சாந்தாமணி. அமராவதி நகர்ப் பக்கம், காட்டோரத்திலிருந்து வேனில் வருபவள். ஓட்டை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. ஒரு நாள் க்ரீம் கலர் டி-சர்ட். ஒட்டினாள். சூப்பர்வைசர் நான் போய்ப் பார்த்தால் அம்பு இருக்கிறது, ஓட்டை இல்லை. அடுத்த வாரமும் அதே கதை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் நூல் பிசிர் வெட்டப் போ என்றுவிட்டார் மேனேஜர். அங்கே சம்பளம் குறைவு. அவள் துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இங்கதானுங்க இருந்துச்சு. நாலு ஓட்டைங்க. என்ற கண்ணு பொய் சொல்லாதுங்க."

துணி மூச்சு விட்டது

மறுநாள் ஒட்டாமல் என்னைக் கூப்பிட்டாள். நாலு புள்ளி. கிட்டக் குனிந்தேன். என் மூச்சு பட்டதும் துணியில் நகத்தளவு பிரிந்து மேலே எழுந்தது. துணிதான் எழுந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். டியூப்லைட்டைச் சுற்றி மெதுவாக, பஞ்சுத் தூசி மாதிரி மிதந்தது. மிஷின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. சாந்தாமணிக்குச் சிரிப்பு.

"எங்கூர்க் காட்டுப் பூச்சிங்க! துப்பட்டால தொத்தீட்டு வந்திருக்குது. அதுக்கும் அட்டென்டன்ஸ் போட்டுருங்க."

ஊதிப் பாருங்கள்

யாரோ அந்துப்பூச்சி என்றதும் மேனேஜர் ஓடிவந்தார். துணியை அரித்துவிடும், மருந்து அடி என்று கத்தல்.

அடையாளம் சொல்கிறேன், ஒரு தரம்தான். துணி அரிக்கும் அந்து இறக்கையைக் கூரை போல மடக்கி உட்காரும். வெளிச்சம் கண்டால் ஒளியும். அதற்கும் கம்பளிதான் வேண்டும், நம் பருத்தி அல்ல. இது இறக்கையை விரித்துத் துணியோடு துணியாகப் படுக்கும். வெளிர் நிறம். இறக்கைக்கு ஒரு கரும்புள்ளி, குறுக்கே அலை அலையாய் மெல்லிய கோடு. பின்னல் மிஷின் ஊசி பழுதாகி வரும் ஓட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். இந்தப் புள்ளிகள் நாலு மூலைக்கும் இருக்கும். சந்தேகமா, ஊதுங்கள்.

பூச்சி மறுபடி துணியில் இறங்கியது. மேனேஜர் குனிந்து ஊதினார். எழுந்தது, ஜன்னல் வெயிலில் கரைந்தது. அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். மருந்து மறந்துபோச்சு.

"சாந்தாமணி இங்கயே இருக்கட்டுங்க. ஒட்டறதுக்கு முன்னால ஊதச் சொல்லுங்க, போதும்."

இப்போது டேபிளில் எல்லோரும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறோம், நிஜ ஓட்டை ஒன்றுகூடப் பறந்தபாடில்லை.