ஆளில்லாத வீட்டுக்கும் காற்று

கழிவுநீர்த் தொட்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. பெங்களூர் ஹெப்பகோடியில் நாங்கள் வீடு வாங்கிய அடுக்ககத்துக்கும் நான்தான் போட்டேன். வீட்டுக்கு ஐந்து பேர் என்பது எங்கள் வழக்கக் கணக்கு. என் வீட்டில் நான் ஒருத்தி. கணவர் மஸ்கட்டிலிருந்து, இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன; தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் மட்டும் முழு வேகத்தில் ஓடியது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர்க்காரர்.

"ஆளே இல்ல, ப்ளோயர் எதுக்கும்மா இந்தக் கத்து கத்துது? ஸ்வல்ப கம்மி பண்ணும்மா."

"ஓரளவுக்குத்தான் சார் முடியும். கழிவத் தின்னற கிருமிங்க மூச்சு விடற காத்து, ஆளுங்க குறைஞ்சா குறையும். தண்ணியக் கலக்கற காத்து தொட்டி அளவுக்குத்தான். அதக் குறைச்சா சேறு அடியில உக்காந்து நாறிடும்."

"ரெண்டு தொட்டியில ஒண்ண மூடிட்டா?"

"நெஜமா எத்தன பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சா மூடலாம் சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் வீடு வீடாகப் போனோம். அன்று காலைதான் கணவர் போனில், வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். "கோவமா?" என்றார். "அதெல்லாம் இல்லீங்க" என்றேன். உண்மையில் அவரை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஏக்கத்தையெல்லாம் எரிச்சலாக்கி அக்கம்பக்கத்தார் மேல் காட்டினேன்.

மூன்றாவது மாடி அம்மா, அமெரிக்காவில் இருக்கும் மகனையும் சேர்த்துச் சொன்னார்.

"அங்க குளிக்கற பையனுக்கு இங்க எதுக்கும்மா காத்து?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது. செயலாளர் எண்ணிக்கையைத் திருத்தினார். விடுதியில் தங்கிப் படிக்கிற பெண், சனிக்கிழமை மட்டும் ஓசூரிலிருந்து வருகிற அப்பா, ஒருவரையும் கணக்கில் சேர்க்க நான் விடவில்லை. கடைசியாக என் வீட்டு வாசலுக்கு வந்தோம்.

"இங்க ஒண்ணுதானேம்மா?"

"ரெண்டு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார் வந்துட்டாரா?"

"வரல. அவர் போடாத சட்டையெல்லாம் வாராவாரம் தொவச்சிட்டு இருக்கேன் சார். அந்தத் தண்ணியும் கீழ தொட்டிக்குத்தானே போகுது? ரெண்டுன்னே எழுதிக்குங்க."