விருந்துக்குக் கேட்ட கோழிகள்

கோழிக்கூண்டின் கதவை மறைத்தபடி ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். எதிரே, கையில் வெறும் சாக்கோடு பிரசன்னா நின்றார். அவர் சபையின் மிஷனரிக் குழுச் செயலாளர்.

"நாளைக்கு உங்களுக்கு வழியனுப்பு விருந்து சிஸ்டர். கோழி வீட்லயே இருக்கு, எடுத்துக்கங்கன்னு பென்னி பிரதர்தான் சொன்னாரு."

ஜீவிதா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பின்வாசலில் நின்ற பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குரோம்பேட்டையில் பதினான்கு வருடம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள். மலாவி நாட்டில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு ஆள் வேண்டும் என்று சபையில் கேட்டபோது முதலில் எழுந்து நின்றதும் அவள்தான். பென்னி சம்மதிக்க ஆறு மாதம் ஆனது. செவ்வாய்க்கிழமை விமானம். முடிச்சூர் வீட்டிலிருந்து கட்டில், பிரிட்ஜ், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டாள். மிஞ்சியவை மூன்று நாட்டுக்கோழிகள். வார்டில் ஒரு குழந்தை பிழைக்காமல் போன நாட்களில் அவள் யாரோடும் பேசமாட்டாள். இவற்றுக்கு நொய் போட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

"தர முடியாதுண்ணா" என்றாள்.

பிரசன்னாவின் முகம் இறுகியது. "மூணு கோழியையே விட முடியலைன்னா ஊழியத்துக்கு எப்படிப் போவீங்க? உங்களை அனுப்புற சபை லெட்டர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல, ஞாபகம் இருக்கட்டும்."

"ஜீவி, விடேன்..." என்றான் பென்னி.

அவள் எழுந்திருக்கவில்லை. "விட மாட்டேன்னு சொல்லல. நானே வளர்த்ததை என் இலையில போடாதீங்கன்னுதான் சொல்றேன். அதுக்காகக் கையெழுத்துப் போடலைன்னா, உங்க இஷ்டம்."

பிரசன்னா சாக்கை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சிறிது நேரத்தில் தெருவில் மீன்காரி காமுவின் குரல் கேட்டது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருபவள். ஜீவிதா ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்து கூண்டைக் காட்டினாள்.

"எடுத்துகினு போறேன் நர்ஸம்மா. எங்க வூட்டாண்ட எடம் கீது, மேயும். ஆனா அறுக்கவே மாட்டேன்னு சத்தியம் மட்டும் கேக்காத. முட்டை நின்னுபோச்சுன்னா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

ஜீவிதா சத்தியம் கேட்கவில்லை. பழைய புடவையைக் கிழித்து, தன் கையாலேயே ஒவ்வொன்றின் காலையும் நோகாமல் கட்டி, காலி மீன்கூடையில் வைத்தாள். காமு தெருமுனை திரும்பும்வரை கூடைக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு கூடியது. பிரசன்னா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். ஜீவிதா எதிரே நின்றாள். கடைசியில் அவளை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டு பென்னியிடம் நீட்டினார்.

வெளியே வேப்பமர நிழலுக்கு வந்ததும் பென்னி மெதுவாகச் சொன்னான். "கோழியைக் கேட்டா நீ சண்டை போடுவேன்னு எனக்குத் தெரியும் ஜீவி. தெரிஞ்சுதான் எடுத்துக்கச் சொன்னேன். அவரும் கையெழுத்துப் போடமாட்டாருன்னு நெனச்சேன். எனக்குப் போக பயமா இருக்கு."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவன் அந்தக் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றாள்.

உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். இருவரும் உடனே போகவில்லை.